விட்டுப்போன தாள்

விசிறியை நிறுத்தினால்தான் குரல் சுத்தமாக விழும். இன்னாசியம்மா சுவிட்சைத் தட்டிவிட்டு, மூன்று இறக்கையும் சுற்றி ஓய்கிற வரைக்கும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். சனிக்கிழமை, மத்தியானம் இரண்டு மணி. திண்டுக்கல் வெயில் மொட்டைமாடியில் இறங்கி, தளம் வழியாக உச்சந்தலைக்கு வந்துகொண்டிருந்தது. ஜன்னலைச் சாத்தியாயிற்று. கதவுக்கு அடியில் பழைய சேலையைச் சுருட்டி அடைத்தாயிற்று. போனைத் தலையணைமேல் துண்டு போட்டு வைத்தாயிற்று. வெறும் மேசையில் வைத்தால் விரல் அசைவதெல்லாம் இடி மாதிரி கேட்குது என்று பதிவைக் கேட்கிற பிள்ளை முத்தரசி சொல்லியிருக்கிறாள். எல்லாம் ஆயிற்று, இனி வாசிக்க வேண்டியதுதான். ஒரே ஒரு தாள். முன்னும் பின்னுமாக இரண்டு பக்கம், எண்பத்தேழு, எண்பத்தெட்டு. நிதானமாக வாசித்தாலும் ஐந்து நிமிஷத்துக்கு மேல் ஆகாது. நாலு மணிக்குள் அனுப்பிவிடுகிறேன் என்று காலையில் வாக்குக் கொடுத்திருக்கிறாள். காலையில் ஒன்பது மணிக்கெல்லாம் அந்தப் பிள்ளையிடமிருந்து போன். "அம்மா, எண்பத்தாறாம் பக்கம்னு சொல்றீங்க, அது முடிஞ்சதும் நேரா எண்பத்தொம்பதுன்னு சொல்றீங்க. நடுவுல ரெண்டு பக்கம் எங்கம்மா போச்சு?" தலையில் யாரோ தண்ணீரைக் கொட்டியதுபோல இருந்தது. "ஐயையோ, தாள் ஒட்டிக்கிச்சு போல கண்ணு" என்று வாய் சொல்லிவிட்டது. யோசிக்கவே இல்லை. எங்கிருந்து வந்தது அந்தப் பொய், அத்தனை தயாராக, சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்ற மாதிரி. முத்தரசி சிரித்தாள். "அதான பாத்தேன், ரெண்டு தோசை ஒட்டிக்கிட்டு வந்த மாதிரி இருந்துச்சு. சட்னி எங்கன்னு தேடிட்டிருக்கேன். திங்கக்கெழம பரீட்சைம்மா. பானை உடையிற எடத்துலேர்ந்துதான் பெரிய கேள்வி வரும்னு மிஸ் அடிச்சுச் சொல்லிட்டாங்க. நமக்குப் பானை உடையவே இல்லையேம்மா." உடையவில்லை. உடைய விடவில்லை. இன்னாசியம்மா புத்தகத்தை எடுத்து மடியில் வைத்து எண்பத்தேழாம் பக்கத்தைத் தொட்டுப் பார்த்தாள். தாள் ஒட்டவில்லை. மொடமொடவென்று தனியாக நின்றது. மூன்று வாரத்துக்கு முன்னால் இதே கட்டிலில் உட்கார்ந்து அதைத் திருப்பித் தள்ளியது அவள் விரல்தான்.

திருப்பித் தள்ளியதோடு நிற்கவில்லை. எண்பத்தாறின் கடைசி வாக்கியமும் எண்பத்தொன்பதின் முதல் வாக்கியமும் கேட்கிறவர்களுக்கு இழையாக ஓடுகிறதா என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்து, ஓடுகிறது என்று தெரிந்த பிறகுதான் வாசித்தாள். அத்தனை கெட்டிக்காரத்தனம். ஆனால் பக்கம் திரும்பும்போது எண்ணைச் சொல்லிப் பழகின வாய், நாலு வருஷப் பழக்கம், அதுபாட்டுக்கு "பக்கம் எண்பத்தொன்பது" என்று சொல்லிவிட்டது. சொன்னது காதில் விழவும் இல்லை. கை பொய் சொல்லியது, வாய்க்கு அந்தச் சங்கதி தெரியாது. இந்த வேலைக்கு இருக்கிற முதல் விதியே அதுதானே. பக்க எண் சொல்லணும், படம் இருந்தால் படத்தில் என்ன இருக்கிறதென்று சொல்லணும், பிடிக்கவில்லை என்று எதையும் விடக் கூடாது. எட்டாம் வகுப்போடு நின்றவளுக்கு இந்த வேலையைக் கொண்டுவந்து கொடுத்தது மகள் ரெஜினாதான். குவைத்திலிருந்து ஒருநாள், "சும்மாதானம்மா இருக்க, கோயில்ல வாசகம் வாசிக்கிற குரல்தான, பார்வை இல்லாத காலேஜ் பிள்ளைங்களுக்குப் பாடப் புத்தகம் வாசிச்சு அனுப்பு, நான் குரூப்புல சேத்துவிடுறேன்" என்றாள். போனே வாசிக்கும் என்கிறார்கள். இந்த மாதிரி மங்கின அச்சைப் போன் வாசித்தால் பாதி எழுத்தை மென்று துப்பிவிடுகிறதாம். கணவர் மரியதாசு இறந்துபோன வருஷம் அது. வீட்டில் பேச்சுச் சத்தம் நின்றுபோன வருஷம். அவர் இருந்தபோது ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம், அதுவும் உப்பு, காப்பி, கண்ணாடி எங்கே. அந்தப் பத்து வார்த்தை இல்லாமல் ஒரு வீடு இவ்வளவு பெரிசாகிவிடும் என்று யாருக்குத் தெரியும். மகன் பெலிக்ஸ் கோயம்புத்தூரில் இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிகிற நேரத்துக்குச் சரியாகக் கூப்பிடுவான், மாத்திரை போட்டியா என்பான், போட்டேன் என்பாள், சரி என்பான். ரெஜினாவுக்கு வேலைநேரம் மாறி மாறி வரும். ஆக, தினமும் அவளை அம்மா என்று கூப்பிடுகிற வாய் இந்த உலகத்தில் ஒன்றே ஒன்று, மதுரையில் ஒரு காலேஜ் விடுதியில், அவளை ஒரு தடவைகூட நேரில் சந்திக்காத ஒரு பிள்ளை. புத்தகம் சம்பந்தமாக ஆரம்பிக்கும், எங்கெங்கோ போகும். விடுதிச் சாம்பார், அறையில் கூட இருக்கிறவளின் காதல், கைத்தடியை ஆட்டோக்காரன் மிதித்தது. "உங்க ஊர்ல மழையாம்மா? உங்க குரல்ல ஈரம் கேக்குது" என்பாள். இந்தத் தாளை வாசித்து அனுப்பிவிட்டால் அந்தக் குரல் நாளைக்கு வருமா. வராது. எப்படி வரும். வாசிக்காவிட்டால் அவள் பரீட்சை போகும். இரண்டில் ஒன்று. மாதாவே, இரண்டில் ஒன்று.

அச்சில் தன் பெயரை அவள் மொத்தமே இரண்டு முறைதான் பார்த்திருக்கிறாள். கல்யாணப் பத்திரிகையில் ஒருமுறை, மரியதாசின் முப்பதாம் நாள் நினைவு அட்டையில் ஒருமுறை. மூன்றாவதாக இந்தப் புத்தகம். எண்பத்தெட்டாம் பக்கம், கீழேயிருந்து நாலாவது வரி. புத்தகம் வந்தபோது ஒன்றுமே தோன்றவில்லை. ஓய்வுபெற்ற ஒரு தலைமை ஆசிரியை தன் வாழ்க்கையைத் தானே எழுதியது, பச்சை அட்டை, ம. அருளாயி என்று பெயர். அந்தப் பெயரில் அவளுக்கு யாரையும் ஞாபகம் வரவில்லை. முதல் மூன்று அத்தியாயம் உற்சாகமாகத்தான் வாசித்தாள். மலையடிவாரம் என்று வந்தது, மாதா கோயில் என்று வந்தது, நம்ம பக்கத்து ஆளு போலிருக்கே என்று சந்தோஷப்பட்டாள். அப்புறம் ஊர்ப் பெயரே வந்தது. அவள் பிறந்த ஊர். அப்போதுகூட பெருமையாகத்தான் இருந்தது, தனக்குப் பாடம் நடத்திய சூசை வாத்தியார் பெயர் வருகிற வரைக்கும். வாசித்து அனுப்புவதற்கு முன்னால் ஒரு தடவை கண்ணால் ஓட்டிவிடுவது அவள் வழக்கம், தடங்கல் வராமல் இருக்க. அப்படி ஓட்டிக்கொண்டே போன கண் நாலாவது வரியில் போய் மோதியது. காட்டிக் கொடுத்தவள் பெயர் இன்னாசி. அதோடு புத்தகத்தை மூடிவிட்டாள். அதற்குக் கீழே மூன்று வரி இருந்தது, அதை இன்றுவரை படிக்கவில்லை. மூடிவிட்டுப் போய்ப் பாத்திரம் தேய்த்தாள். தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் தேய்த்தாள். அந்த வாரம் கோயிலில் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்தில் மண்டியிட்டு, "ஒரு புத்தகத்துல ஒரு தாள விட்டுட்டேன் சாமி" என்று சொன்னாள். உள்ளேயிருந்த சின்னச் சாமியாருக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், குரலில் தெரிந்தது. "அதுக்கென்னம்மா, அடுத்த தடவை சேத்து வாசிங்க" என்றார். கிராதிக்கு வெளியே வரிசையில் பதினைந்து பேர் நின்றார்கள். எழுந்து வந்துவிட்டாள்.

போனில் சிவப்புப் பொட்டை அழுத்தினாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று நொடி ஓடியது. "பக்கம் எண்பத்தேழு" என்றாள். பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடித்தது. நிறுத்தினாள். விசிலை யாரோ தனக்காக அடித்த மாதிரி ஒரு நிம்மதி. இந்தப் பக்கத்து வீட்டு சாந்தா இரண்டரை மணிக்குத்தான் சோறு ஆக்குவாள், மூன்று விசில் வைப்பாள், இன்னும் இரண்டு இருக்கிறது, அது வரைக்கும் காத்திருக்கலாம். காத்திருந்தாள். வேர்வை கழுத்து மணி வழியாக இறங்கி ஜம்பருக்குள் போனது. இரண்டாவது விசில். பெயரை மாற்றிவிட்டால் என்ன. ஒரே ஒரு சொல். இன்னாசி என்கிற இடத்தில் செசிலி என்று சொன்னால் யாருக்கு என்ன நஷ்டம், அந்தப் பிள்ளைக்குப் பரீட்சையில் பானைதான் வேண்டும், பெயரா கேட்கப் போகிறார்கள். செசிலி. செசிலி என்று உண்மையிலேயே ஒருத்தி வகுப்பில் இருந்தாள், மூக்கொழுகி, பாவம், அவள் தலையில் இதைத் தூக்கி வைப்பதா. அவள் உயிரோடு இருக்கிறாளோ என்னமோ. சரி, பெயரை அப்படியே வாசித்துவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி இருந்துவிடலாமே. இந்தப் பக்கத்தில் இன்னாசி என்று பெயர் வைத்தவர்கள் தடுக்கி விழுந்தால் ஒருத்தர். ஆணுக்கும் வைக்கிறார்கள், பெண்ணுக்கும் வைக்கிறார்கள். முத்தரசி கேட்டால், ஆமா கண்ணு, என் பேருதான் பாரேன், என்று சிரித்துவிடலாம். சிரிக்க முடியுமா. அவளுக்குக் கண்தான் இல்லை. மழை பெய்தால் குரலில் ஈரத்தைக் கண்டுபிடிக்கிறவள் அந்தச் சிரிப்பில் என்னத்தைக் கண்டுபிடிக்க மாட்டாள். போதாததற்கு, புத்தகத்தின் முதல் அத்தியாயத்தைக் கேட்டுவிட்டுப் போன மாதம் அவள் சொன்னது வேறு. "எங்க அம்மாவும் இப்படித்தாம்மா, படிக்குக் கீழ நின்னு கையேந்தித் தண்ணி குடிச்சவங்க. அவங்களுக்கு ஊத்துனவ பேர இன்னும் சொல்லுவாங்க. கோவமா எல்லாம் சொல்ல மாட்டாங்க, சும்மா, பால்காரி பேரு சொல்ற மாதிரி சொல்லுவாங்க." அப்போது இன்னாசியம்மா, ஐயோ பாவம், அந்தக் காலத்துல அப்படியெல்லாம் கொடுமை நடந்துச்சு கண்ணு, என்று உச்சுக் கொட்டினாள். நடந்துச்சு. தானாக நடந்த மாதிரி. காற்று அடித்தது, மழை பெய்தது என்கிற மாதிரி. மூன்றாவது விசில் வந்து, ஆவி சீறி, அடங்கியது.

அந்தக் காலம் ஒன்றும் தூரத்தில் இல்லை. கண்ணை மூடினால் பள்ளிக்கூடத்து வராந்தா, மணல் பரப்பி அதன்மேல் பானை, பானைமேல் தட்டு, தட்டின்மேல் சொம்பு. எட்டு வயசு அவளுக்கு, மூன்றாம் வகுப்பு. பெரிய வேலை ஒன்றை வாத்தியார் அவளை நம்பிக் கொடுத்திருந்தார். ஊர்த் தெருப் பிள்ளைகள் தாங்களே மோந்து குடிப்பார்கள். கீழத்தெருப் பிள்ளைகள் ஆறு பேர் படிக்குக் கீழே நின்று கையைக் குவிப்பார்கள், அவர்களுக்கு உயரத்திலிருந்து ஊற்றுவது இன்னாசியின் வேலை. செக்கடி வீட்டுப் பிள்ளை, கை சுத்தம், பொறுப்பு என்று அவளை நியமித்திருந்தார். எத்தனை பெருமை அதில். சிந்தாமல் ஊற்றுவாள், ஒரே சீராக, கயிறு மாதிரி. அந்த வருஷம் புதுநன்மைக்கு, முதல் நற்கருணை வாங்க, தயாராகிக்கொண்டிருந்தாள். மத்தியானத்தில் கன்னியர் மடத்துக்குப் போய் மந்திரம் பாடம் பண்ண வேண்டும். பொய் சொல்லக் கூடாது, கண்டதை மறைக்கக் கூடாது, சேசுவுக்கு எல்லாம் தெரியும் என்று சிஸ்டர் விரல் நீட்டிச் சொல்லுவார். அன்றைக்கு மடத்தில் நேரமாகிவிட்டது. சித்திரை வெயில். ஓடி வருகிறாள், பாவாடையைத் தூக்கிக்கொண்டு. வராந்தாவில் கீழத்தெருப் பெண் ஒருத்தி பானைக்கு முன்னால் குத்துக்காலிட்டு, சொம்பைத் தானே எடுத்து, மோந்து, குடித்துக்கொண்டிருக்கிறாள். கடகடவென்று. தொண்டை ஏறி இறங்குவது தெரிகிறது. இன்னாசிக்குக் கோபமா வந்தது, இல்லையே. பயம். தான் இல்லாததால் நடந்தது, வாத்தியார் கேட்பார் என்கிற பயம். கூடவே கண்டதை மறைக்கக் கூடாது. நேரே வகுப்புக்குள் போய், "சார், அவ சொம்ப எடுத்து மோந்துட்டா சார்" என்றாள். வாத்தியார் வெளியே வந்தார். பானையைத் தூக்கினார். வாசற்கல்லில் போட்டார். தண்ணீர் அவள் கால்வரைக்கும் ஓடிவந்தது, குளிர்ச்சியாக, அந்தக் குளிர்ச்சி இப்போதுகூடப் பாதத்தில் இருக்கிறது. சாயங்காலம் வகுப்புக்கு முன்னால் அவளை நிறுத்தி, உண்மை பேசுற பிள்ளை என்று சொல்லி, காவல் தூதர் படம் ஒன்று கொடுத்தார். அடுத்த மாதம் அவளுடைய முதல் பாவசங்கீர்த்தனம். வெல்லம் திருடினேன், தம்பியைக் கிள்ளினேன், பூசையில் பேசினேன் என்று விரல் மடக்கி ஒப்பித்தாள். இதைச் சொல்லவில்லை. மறைத்துச் சொல்லாமல் விடவில்லை. இது அந்தப் பட்டியலில் வரும் என்றே யாரும் சொல்லித்தரவில்லை. பரிசு வாங்கினதைப் போய் யாராவது பாவம் என்று சொல்வார்களா. ஐம்பத்துமூன்று வருஷம் அதை ஒரு நல்ல காரியமாகக்கூட இல்லை, ஒன்றுமில்லாததாக வைத்திருந்தாள். அந்தப் பெண்ணுக்குப் பேர் அருளாயி என்பதே அவளுக்குப் புத்தகம் சொல்லித்தான் தெரியும். கீழத்தெருப் பிள்ளை, அவ்வளவுதான் தெரிந்திருந்தது. அவள் அப்புறம் பள்ளிக்கூடத்துக்கு வந்தாளா வரவில்லையா, அதையும் கவனித்ததில்லை.

கவனித்ததில்லை, கவனித்ததில்லை என்று சொல்லிச் சொல்லியே ஆயுசு போய்விட்டது. போன மாதம் டவுன் பஸ்ஸில் பள்ளிக்கூடத்துப் பையன்கள், பத்தாவதோ பதினொன்றாவதோ. கையில் ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒவ்வொரு நிறத்துக் கயிறு. ஓரமாக நின்ற ஒருத்தனின் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பி, "என்னடா வெறுங்கையா இருக்க, எந்தத் தெருன்னு சொல்ல வெக்கமா?" என்று ஒருத்தன் கேட்டான். மற்றவன்கள் சிரித்தார்கள். அந்தப் பையன் புத்தகப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். இன்னாசியம்மா முன்சீட்டில் இருந்தாள், ஜெபமாலை உருட்டிக்கொண்டு. திரும்பி ஒரு வார்த்தை, டேய் தம்பி, என்ன பேச்சு இது என்று, ஒரு கிழவி சொன்னால் அடித்தா விடுவான்கள். சொல்லவில்லை. ஜெபமாலையில் பத்து மணியை உருட்டி முடித்துவிட்டுச் சொல்லலாம் என்று பார்த்தாள். அதற்குள் அந்தப் பையன் இறங்கிவிட்டான், அவன் ஸ்டாப்பே அதுவா என்றுகூடத் தெரியாது. மொட்டைமாடி ஓரத்தில் கட்டிய மாடி வீட்டுக்கு வாடகைக்கு ஆள் பார்த்தபோது பெலிக்ஸ் சொன்னானே, "நம்மாளுகளாப் பாத்துக் குடும்மா" என்று, சாதாரணமாக, மாத்திரை போட்டியா என்று கேட்கிற அதே குரலில். சரிப்பா என்றாள். வந்து கேட்ட ஒரு டீச்சரிடம், இல்லம்மா, சொந்தக்காரங்க வர்றாங்க என்றாள். அந்த டீச்சர் தலையை ஆட்டிவிட்டுப் படியிறங்கிப் போனாள். அவளுக்குத் தெரிந்திருக்கும். அவர்களுக்கு எப்போதுமே தெரிந்திருக்கும். மாடி எட்டு மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது. இப்படி ஒவ்வொரு தாளாகத் தள்ளித் தள்ளித்தான் இந்த வயசுவரைக்கும் வந்தாயிற்று. மணி மூன்றேகால். போன் திரை தூங்கிவிட்டிருந்தது. அதைத் தட்டி எழுப்பினாள். செசிலி இல்லை. யாரும் இல்லை. இருப்பதை வாசி. சேசுவே, என் குரலை மட்டும் பிடித்துக்கொள் என்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு சிவப்புப் பொட்டை அழுத்தினாள்.

"பக்கம் எண்பத்தேழு. எங்கள் பள்ளியில் பிள்ளைகள் அறுபது பேர், பானை ஒன்று." குரல் நன்றாகத்தான் வந்தது. கோயிலில் வாசிக்கிற குரல், நிறுத்தி, ஏற்றி, இறக்கி. வராந்தா வந்தது, மணல் வந்தது. அருளாயி எழுதிய வராந்தாவில் பானை இடது பக்கம் இருந்தது. இவள் ஞாபகத்தில் வலது பக்கம். படிக்குக் கீழே நின்று பார்த்தால் இடதுதான். பக்கம் எண்பத்தெட்டு. பானை உடைந்தது. அந்தச் சத்தத்துக்குப் பள்ளிக்கூடமே எழுந்து நின்றது என்று எழுதியிருந்தாள், ஆமாம், நின்றார்கள், இன்னாசியும் நின்றாள். மறுநாள் அருளாயியின் அப்பா புதுப் பானை ஒன்றைத் தலையில் சுமந்துவந்து படியில் வைத்துவிட்டு, தலைப்பாகையைக் கையில் பிடித்துக்கொண்டு, வாத்தியார் வெளியே வருகிற வரைக்கும் வெயிலில் நின்றாராம். அதற்கப்புறம் ஒரு வருஷம் நான் பள்ளிக்கூடம் போகவில்லை, ஆடு மேய்த்தேன், ஆடுகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தேன் என்று இருந்தது. போன தடவை கண்ணால் ஓட்டியபோது இந்த இடத்தில் ஒன்றும் ஆகவில்லை. இப்போது தன் குரலே அதைச் சொல்லித் தன் காதே கேட்டபோது, ஆடுகளுக்கு வாய்ப்பாடு என்கிற இடத்தில் ஒரு செருமல் கிளம்பியது. செருமக் கூடாது, பதிவில் விழும். விழுங்கினாள். நாலாவது வரி வந்துவிட்டது. "காட்டிக் கொடுத்தவள் பெயர்" என்றாள். அப்புறம் அந்தச் சொல். சொன்னாள், சொல்லத்தான் செய்தாள், ஆனால் உதட்டிலிருந்து வெளியே போகாமல் உள்ளேயே உருண்டு, மூச்சாகப் போயிற்று. நிறுத்தாமல் அடுத்த வரிக்கு ஓடினாள், இதுவரை படிக்காத வரிக்கு. "செக்கடி வீட்டுப் பெண். தினமும் என் கையில் தண்ணீர் ஊற்றியவளும் அவள்தான். என் முகத்தை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. கையை மட்டுமே பார்ப்பாள், தன்மேல் தெறித்துவிடக் கூடாதே என்று." அத்தோடு பக்கம் முடிந்தது. பொட்டை அழுத்தி நிறுத்தினாள். கண்ணை மூடிக்கொண்டு தேடினாள், அந்த முகத்தை. படிக்குக் கீழே இரண்டு கைகள் குவிந்திருந்தன. சின்னக் கைகள், விரல் இடுக்கில் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது, சுண்டுவிரல் நகத்தில் கரிசல் மண். மணிக்கட்டு வரைக்கும் தெரிந்தது. அதற்குமேல் ஒன்றும் இல்லை. எவ்வளவு இழுத்தும் அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. அனுப்பு என்கிறதைத் தொட்டாள். மூன்று மணி நாற்பது. ஒரு சின்ன அடையாளம், அப்புறம் இரண்டு, அப்புறம் இரண்டும் நீலமாயின. ஜன்னலைத் திறக்கலாம், விசிறி போடலாம். தோன்றவில்லை. வேர்வையிலேயே உட்கார்ந்திருந்தாள்.

இருபது நிமிஷம் கழித்துப் போன் அடித்தது. "கேட்டேன்மா" என்றாள் முத்தரசி. பின்னால் விடுதிக் குழாயில் வாளி நிறைகிற சத்தம். "எண்பத்தெட்டாம் பக்கத்துல கடைசியில, 'காட்டிக் கொடுத்தவள் பெயர்'னு சொல்லிட்டு என்னமோ முழுங்கிட்டீங்க. நாலு தடவ திருப்பிப் போட்டுக் கேட்டுட்டேன். என்ன பேரும்மா அது?" இப்போதுகூடச் செசிலி வாசலில் நின்றாள், சட்டை போட்டுக்கொண்டு. "இன்னாசி" என்றாள் இன்னாசியம்மா. "உங்க பேரா?" என்று கேட்டபோது அந்தப் பிள்ளையின் குரலில் ஒரு சிரிப்பு கிளம்பி, பாதியில் நின்றது. எப்படித்தான் கண்டுபிடித்தாளோ, மூச்சில் கண்டுபிடித்தாளோ. "அம்மா. செக்கடி வீடுன்னு நீங்க ஒருநாள் சொல்லிருக்கீங்கள்ல." "ஆமா கண்ணு. நான்தான் அது." வாளி நிறைந்து வழிந்தது, யாரோ குழாயை மூடினார்கள். இன்னாசியம்மா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள், வைத்துவிட்டாளோ என்று. "அப்ப தாள் ஒட்டலையா?" "ஒட்டல." "ஒட்டுச்சுன்னு சொன்னீங்களே." "பொய் சொன்னேன் கண்ணு. தப்புதான்." "தப்புங்கிறது இல்லம்மா…" அந்தப் பிள்ளைக்குக் கோபமா அழுகையா, பிரித்துச் சொல்ல முடியவில்லை. "எங்களுக்கு நீங்க வாசிக்கிறதுதாம்மா புத்தகம். நீங்க ஒரு தாளத் திருப்பிட்டீங்கன்னா எங்களப் பொறுத்தவரைக்கும் அப்படி ஒண்ணு நடக்கவே இல்ல. அந்த அம்மா அவ்வளவு வருஷம் கழிச்சு எழுதி வச்சாங்க. நீங்க ஒரு விரல்ல இல்லாம ஆக்கிட்டீங்க." இன்னாசியம்மா மடியில் கிடந்த புத்தகத்தை மூடினாள். "எனக்கு இப்ப உங்ககிட்ட என்ன பேசறதுன்னு தெரியல. பரீட்சை முடியட்டும்." "சரி கண்ணு." "பரீட்சை முடிஞ்சும் தெரியுமான்னு தெரியல." "சரிம்மா." போனை வைக்கப் போகிறாள் என்று நினைத்தாள். வைக்கவில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, வேறு யாரோ பேசுகிற மாதிரி, "அந்த ஒரு வரிய மட்டும் திரும்ப வாசிச்சு அனுப்புங்க. இந்தப் பதிவ நான் மட்டும் கேக்கல, பதினாலு பேரு கேக்குறோம். வர்ற வருஷம் இன்னும் வருவாங்க. பேரு தெளிவா வேணும்" என்றாள். அப்புறம்தான் வைத்தாள்.

பதினாலு பேர். வர்ற வருஷம் இன்னும். முகம் தெரியாத அத்தனை பிள்ளைகளும் காதைக் கொடுத்து உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது அறை. புத்தகத்தைத் திறக்கத் தேவையில்லை, திறந்தாள். கண்ணால் பார்த்துத்தான் வாசிக்க வேண்டும், மனப்பாடமாகச் சொன்னால் அது வேறு. தெருவில் ஒரு ஸ்கூட்டர் போயிற்று, அது தேய்ந்து மறைகிற வரைக்கும் காத்திருந்தாள். முதல் தடவை குரல் நடுங்கியது, அழித்தாள். இரண்டாவது தடவை அழுகை கலந்துவிட்டது. அழுகையைக் கேட்டு யாரும் இரக்கப்பட்டுவிடக் கூடாது என்று அதையும் அழித்தாள். எழுந்துபோய் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். இந்தத் தடவை சிவப்புப் பொட்டு இல்லை, நேரே அனுப்புகிற ஒலிப்பொட்டை விரலால் அழுத்திப் பிடித்தாள். விரலை எடுத்தால் முத்தரசிக்குப் போய்விடும், பிடித்திருக்கிற வரைக்கும் பேசலாம். "பக்கம் எண்பத்தெட்டு, திருத்தம்" என்றாள். "காட்டிக் கொடுத்தவள் பெயர் இன்னாசி." தெளிவாக விழுந்தது. கூடம் நிறைய ஆள் இருந்தாலும் கடைசியில் நிற்கிறவனுக்குக் கேட்டிருக்கும். விரலை எடுக்கவில்லை. நொடி ஓடிக்கொண்டிருந்தது. ஏழு, எட்டு, ஒன்பது. எட்டு வயசு எனக்கு என்று சொல்லலாம். எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை என்று சொல்லலாம். மன்னிச்சிரு என்றாவது ஒரு சொல். அது அருளாயி எழுதியதில் இல்லை. எழுதியதில் இல்லாததை வாசிக்கிறவள் சேர்க்க முடியாது. பதினொன்று, பன்னிரண்டு. விரலை எடுத்தாள்.